சர்க்கரைக் கணக்கில் ரத்தத்தின் வயது

ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்ததும் நம் வீடுகளில் பெண்கள் முதல் தாளைப் பார்ப்பார்கள், ஆண்கள் இரண்டாம் தாளைப் பார்ப்பார்கள். முதல் தாளில் ஹீமோகுளோபின். "ரத்தம் எவ்வளவு இருக்கு?" என்பது பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி. இரண்டாம் தாளில் சர்க்கரை. அது நாற்பதைத் தொட்ட ஆண்களின் கவலை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் குறைவு. டாக்டர்களிலும் குறைவு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 'மூணு மாச சுகர்' என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி, சர்க்கரையை நேராக அளப்பதில்லை. முதல் தாளில் இருக்கிற அதே ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து சர்க்கரையை ஊகிக்கிறது. ஹீமோகுளோபினில் கோளாறு இருந்தால் ஊகமும் கோணும்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். அங்கிருந்து கிழக்கே போனால் கழுவேலி ஏரி. அதையும் தாண்டி வடகிழக்கில் மரக்காணத்து உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பெயர்போன ஊர்களைச் சொல்லும்போது மரக்காணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடகிழக்கு மழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீர்செய்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும். அடுத்த மழை வரும்வரை வாருவதும் சுமப்பதும்தான் வேலை. பாத்தியிலிருந்து அம்பாரம் வரை கூடை சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம்.

இந்தக் கரையை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ரத்தசோகையும் சர்க்கரையும் ஒரே தெருவில் குடியிருக்கும் மாநிலம் நம்முடையது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மறுபக்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் என்று மதிப்பிட்டது. இந்த இரண்டு கூட்டமும் தனித்தனி ஆட்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதிலிருந்து விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது கிராமத்துத் திண்ணைக்கே வந்துவிட்டது. அது நல்ல காரியம். அங்கே எண் கூடுதலாகத் தெரிந்தால் அடுத்த படி ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கடுத்து அரசு மருத்துவமனை அல்லது சாலையோரத் தனியார் லேப். அந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் மூன்று மாதச் சர்க்கரை எழுதப்படும்.

உப்பு சுமக்கும் 42 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒல்லி உடம்பு. பெற்றோருக்குச் சர்க்கரை இல்லை. மாதவிலக்கின்போது உதிரம் அதிகம் போகிறது. அதை அவர் நோயாக நினைத்ததில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. அதை வெயிலின் கணக்கில் எழுதிவிட்டார். அறிக்கை இப்படி வருகிறது: வெறும் வயிற்றுச் சர்க்கரை 94, மூன்று மாதச் சர்க்கரை 6.2 சதவீதம். "சர்க்கரை வரப்போகுதும்மா, சோத்தைக் குறைச்சுக்கோ" என்று யாரோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். முதல் தாளை யாரும் புரட்டவில்லை. அதில் ஹீமோகுளோபின் 8.9 என்றும், சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி 66 என்றும் இருக்கிறது.

இந்த அம்மாவுக்குச் சர்க்கரை வரப்போகிறதா?

*

பதில் சொல்ல வேதியியலுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். நம் எலும்பு மஜ்ஜை வினாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு புரதச் சங்கிலிகள், நான்கு இரும்பு அணுக்கள். சங்கிலிகளில் பீட்டா எனப்படும் இரண்டின் நுனியில் வாலின் என்ற அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் தடையில்லாமல் நுழையும். இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டியதில்லை. நுழைந்த குளுக்கோஸ் அந்த வாலினில் போய் ஒட்டிக்கொள்கிறது. எந்த நொதியின் உதவியும் தேவையில்லை. முதலில் ஒட்டுவது கழன்றுவிடக்கூடிய பிணைப்பு. சில மணி நேரத்தில் அது உருமாறி, கழலாத பிணைப்பாகிவிடுகிறது. அதன்பின் அந்த அணு சாகும்வரை சர்க்கரை அங்கேயே இருக்கும்.

உப்பளத்துப் பாத்தியில் ஒரு பலகையை நட்டு வைத்தால் அதில் உப்பு ஏறும். எவ்வளவு ஏறும் என்பது தண்ணீர் எவ்வளவு கரிக்கிறது என்பதைப் பொறுத்தது. பலகை எத்தனை நாள் கிடந்தது என்பதையும் பொறுத்தது. ஒருவர் பலகையைச் சுரண்டி உப்பை நிறுத்து, "தண்ணீர் இவ்வளவு கரித்திருக்கிறது" என்று சொல்கிறார் என்றால், பலகை எல்லா ஊரிலும் ஒரே அளவு நாள் கிடந்தது என்று அவர் நம்புகிறார். ஹெச்பிஏ1சியின் நம்பிக்கையும் அதுவே. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள், எல்லோருக்கும் ஏறக்குறைய அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அதிலும் கடைசி ஒரு மாதத்துச் சர்க்கரைக்குத்தான் பாதிப் பங்கு.

இதைக் கண்டுபிடித்த கதை நீரிழிவு மருத்துவமனையில் தொடங்கவில்லை. 1958இலேயே ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஏ1சி என்றொரு சிறு பகுதி தனியே வருவதைக் கண்டார்கள். அது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. ஈரானின் ஹமதானில் பிறந்த சாமுவேல் ரஹ்பார் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் விநோதமான ஹீமோகுளோபின் வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். பலருடைய ரத்தத்தை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது சிலரிடம் வழக்கத்துக்கு மாறாக ஒரு பட்டை. அவர்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: எல்லோரும் நீரிழிவுக்காரர்கள். 1968இல் அதை எழுதினார். பின்பு நியூயார்க்கில் ஹெலன் ரான்னியுடன் சேர்ந்து உறுதி செய்தார். 1976இல் அந்தோனி செராமியின் குழு, இதை வைத்துச் சர்க்கரைக் கட்டுப்பாட்டை அளக்கலாம் என்று காட்டியது. 1993இல் அமெரிக்காவின் பெரிய நீரிழிவு ஆய்வு, ஹெச்பிஏ1சியைக் குறைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று நிரூபித்தது. அதுவரை எல்லாம் சரி. நோய் இருப்பது தெரிந்தவர்களைக் கண்காணிக்கும் அளவுகோல் அது. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2011இல் உலக சுகாதார நிறுவனமும் 6.5 சதவீதத்தை நோயைக் கண்டறியும் எல்லையாகவும் ஏற்றுக்கொண்டன. 5.7 முதல் 6.4 வரை 'முன் நீரிழிவு' என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்தார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். நோயாளியைக் கண்காணிக்கும்போது ஒருவரை அவரோடே ஒப்பிடுகிறோம். போன தடவை 8.4, இந்தத் தடவை 7.6 என்றால் போதும். கண்டறியும்போது ஊரில் உள்ள எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறோம். அங்கே 0.3, 0.4 என்ற வித்தியாசம்கூட மனிதரின் பெயரை மாற்றிவிடும்.

எந்த நோயும் இல்லாதவர்களின் சிவப்பணு ஆயுள் உண்மையிலேயே ஒன்றுபோல் இருக்கிறதா? அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட் கோஹன் குழு இதை நேராக அளந்தது. சிவப்பணுக்களில் பயோட்டின் என்ற அடையாளம் ஒட்டித் திரும்ப உடலுக்குள் விட்டு, அவை எத்தனை நாளில் மறைகின்றன என்று பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லாதவர்களிடமே சுற்றிக்கொண்டிருக்கும் அணுக்களின் சராசரி வயது ஏறக்குறைய 40 நாளிலிருந்து 60 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. ஒரே சர்க்கரை அளவுள்ள இருவருக்கு ஹெச்பிஏ1சி வேறு வேறாகக் காட்ட இந்த வித்தியாசமே போதும். ஆரோக்கியமானவர்களிலேயே நிலைமை இது. அதன்மேல் இரும்புச்சத்துக் குறைவையும் ஏற்றினால் என்ன ஆகும்?

*

இரும்பு குறைந்தால் மஜ்ஜையில் புது அணு பிறப்பது மந்தமாகிறது. குழந்தைகள் பிறக்காத ஊரில் கிழவர்கள் விகிதம் கூடுவதுபோல, ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது. பழைய அணுவில் ஒட்டிய சர்க்கரை அதிகம். ஆகவே ரத்தச் சர்க்கரை ஏறாமலே ஹெச்பிஏ1சி ஏறும். இரும்புக்குறைவில் மாலோன்டைஆல்டிஹைடு என்ற பொருள் கூடுவதால் ஒட்டுதலே வேகமாகிறது என்றொரு விளக்கமும் உண்டு. எது எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை.

துருக்கியில் எர்கன் சோபான் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நீரிழிவு இல்லாத, இரும்புக்குறை ரத்தசோகை உள்ள 50 பேர். சிகிச்சைக்கு முன் அவர்களுடைய ஹெச்பிஏ1சி சராசரி 7.4. இரும்பு கொடுத்தபின் 6.2. எல்லைக்கோடு 6.5 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் இரும்பு இல்லாததால் சர்க்கரை நோயாளி ஆகி, மாத்திரை சாப்பிட்டதும் திரும்பி வந்துவிட்டார்கள், காகிதத்தில்.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் டெல்லியில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு நேர் எதிராகச் சொன்னது. அங்கே ரத்தசோகைக்காரர்களின் ஹெச்பிஏ1சி 4.6, ஆரோக்கியமானவர்களுக்கு 5.5. இரண்டு மாத இரும்புச் சிகிச்சைக்குப்பின் ரத்தசோகைக்காரர்களின் எண் 5.9க்கு ஏறியது. ஒரே நோய், ஒரே மருந்து, எதிரெதிர்த் திசை. அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு மறுபடி துருக்கி பக்கம் நின்றது. அமெரிக்காவில் 1999 முதல் 2006 வரை எடுத்த தேசிய ஆய்வுத் தரவைப் பார்த்தால், இரும்புக்குறை உள்ள பெண்களிடம் எண் மேல்நோக்கி நகர்ந்திருக்கிறது. ஆனால் கொஞ்சமே கொஞ்சம்.

என் தீர்ப்பு இது: இவற்றில் ஒன்று சரி, மற்றவை தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. மிதமான இரும்புக்குறையில் பிறப்பு குறைகிறது, கிழட்டு அணுக்கள் கூடுகின்றன, எண் ஏறுகிறது. குறைவு மிகக் கடுமையானால் வெளிறிச் சுருங்கிய அணுக்கள் மண்ணீரலில் சீக்கிரமே மடிகின்றன. அப்போது ஆயுள் குறைந்து எண் இறங்கலாம். எந்த மருத்துவமனையில் எந்த நிலையில் உள்ள நோயாளிகள் வந்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு புரண்டிருக்கலாம். 2015இல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்த எம்மா இங்கிலிஷ் குழுவும், இரும்புக்குறை எண்ணை ஏற்றும், மற்ற வகை ரத்தசோகைகள் இறக்கலாம் என்ற பொதுப்போக்கைத்தான் சொன்னது.

மாத்திரை தொடங்கியபின் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஒரு வாரம் பத்து நாளில் மஜ்ஜை விழித்துக்கொண்டு புது அணுக்களை வாரி விடும். அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நேரமே ஆகவில்லை. எனவே அடுத்த சில வாரங்களுக்கு ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். உண்மையில் சர்க்கரை உள்ளவர் அந்த இடைவெளியில் சோதித்தால் "அட, இறங்கிடுச்சே" என்று ஏமாறுவார். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், அதிக ரத்தம் போய் உடல் ஈடுகட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

எண்ணை இறக்குபவை இன்னும் உண்டு. சிவப்பணு சீக்கிரம் உடையும் எந்த நோயும் இறக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்களிடம் ஹெச்பிஏ1சி முக்கால் புள்ளிக்கு மேல் தாழ்ந்து காட்டுவதை 2017இல் ஒரு பெரிய மரபணு ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அதை மட்டும் நம்பினால் பல லட்சம் நோயாளிகள் கண்ணில் படாமலே போவார்கள். நம் மாநிலத்திலேயே நீலகிரி இருக்கிறது: 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுவைக் கண்டார்கள், இந்தியாவில் அதுதான் முதல் பதிவுகளில் ஒன்று. அந்த மலையில் மூன்று மாதச் சர்க்கரையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது விவேகமில்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தமிழ்நாடு இந்தப் பொறியில் விழவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, அணுக்கள் வேகமாக மாறுகின்றன, இரும்பு பற்றாமல் போகிறது. ஹெச்பிஏ1சிக்கு இதைவிடக் குழப்பமான காலம் வேறில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வழிகாட்டிய முறை எளிமையானது: கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பது. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணை இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வா என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தாலும் இந்தச் சோதனை அதைக் கேட்பதில்லை.

*

இதுவரை ஹீமோகுளோபின் என்ற எண்ணை மட்டும் சரியென்று நம்பிவந்தோம். அதையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். பழைய சுகாதார நிலையங்களில் சாலி முறை: கண்ணாடிக் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம், பழுப்பு நிறம் பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு ஒக்கும்வரை சொட்டுச்சொட்டாகத் தண்ணீர். ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பவர் ஒருவர், டியூப்லைட்டில் பார்ப்பவர் ஒருவர் என்றால் விடையும் இரண்டு. இன்று முகாம்களில் கையடக்கக் கருவி வந்துவிட்டது. விரலில் குத்தி ஒரு துளியைச் சிறு பிளாஸ்டிக் தகட்டில் உறிஞ்சி உள்ளே தள்ளினால் எண் வரும். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். தேசியக் கணக்கெடுப்பின் ரத்தசோகை எண்களே விரல் ரத்தத்தால் மிகையாகிவிட்டனவா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

உப்பளத்தில் இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கும். வெயிலில் வியர்த்து உடலின் நீர் வற்றினால் ரத்தம் செறிவாகும். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பொறுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வு, நீர்வற்றலையும் சிலரிடம் சிறுநீரகச் செயல்பாடு தாழ்ந்திருப்பதையும் பதிவு செய்திருக்கிறது. கணக்கு எளிது: ரத்தத்தின் நீர்ப்பகுதி ஐந்து சதவீதம் வற்றினாலே 11.8 என்ற ஹீமோகுளோபின் 12.2 என்று காட்டும். பெண்களுக்கு ரத்தசோகைக் கோடு 12. வேலை முடித்து மதியம் முகாமுக்கு வந்தவர் ரத்தசோகை இல்லாதவராகத் திரும்பிப் போவார். ஹெச்பிஏ1சி இந்த ஒரு விஷயத்தில் உஷார்: அது விகிதம். ரத்தம் செறிந்தாலும் நீர்த்தாலும் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினும் ஒட்டாததும் சேர்ந்தே மாறும், விகிதம் அசையாது. சிறுநீரகம் பழுதானால் மட்டும் அணுவின் ஆயுள் குறைந்து அதுவும் தடுமாறும்.

ஹெச்பிஏ1சியின் வேறு நல்ல குணங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் அதன் எதிரி என்று ஆகிவிடும். கிராமத்து முகாமில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரையை அளக்க வேண்டுமானால், குழாயிலேயே அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் போய்விடும். லேப் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ இருந்தால் 130 என்பது 110 ஆகிப் போய்ச் சேரும். ஹெச்பிஏ1சிக்கு அந்த அவசரம் இல்லை. குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும். சாப்பிட்டாயா, சாப்பிடவில்லையா என்று கேட்க வேண்டியதுமில்லை. நேற்று கல்யாண வீட்டில் என்ன தின்றோம் என்பதும் அதைப் பாதிக்காது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. ரத்தசோகை இல்லாத, நோயில்லாத பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஹீமோகுளோபின் கூடக்கூட நல்லதா? வடக்கு பின்லாந்தில் ஒரே ஆண்டில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2021இல் ஓலு பல்கலைக்கழகத்தவர் வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. இயல்பான வரம்புக்குள்ளேயே ஹீமோகுளோபின் தாழ்ந்த பக்கம் இருந்தவர்களுக்கு எடை, இன்சுலின், சர்க்கரைத் தாங்குதிறன், கொழுப்பு எல்லாம் சற்றுச் சீராக இருந்தன. உயர்ந்த பக்கம் இருந்தவர்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு அதிகம். கொரியா, சீனா, தைவானிலிருந்தும் இதே சாயலில் ஆய்வுகள் உண்டு. விளக்கங்கள் பல: இன்சுலின் தானே மஜ்ஜையைத் தூண்டும், புகையும் குறட்டை நோயும் ஹீமோகுளோபினை ஏற்றும், கல்லீரலில் கொழுப்புள்ளவருக்கு இரும்புச் சேமிப்பும் கூடும், மிகையான இரும்பு கணையத்தைப் புண்ணாக்கும். ஆக்ஸிஜன் சற்றே குறையும்போது உடல் சர்க்கரையை வேகமாக எரிக்கும் என்பது பின்லாந்துக்காரர்களின் விளக்கம்.

இதைப் படித்துவிட்டு யாராவது "ரத்தம் குறைவா இருந்தா சர்க்கரை வராதாம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடக் கூடாது. அந்த ஆய்வில் 'தாழ்ந்த' என்பது 13, 14 என்ற அளவில் பேசப்படுவது. நம் பெண்களின் 8, 9 என்ற அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஆரோக்கியமான பெரியவர்கள்' என்று வெளிநாட்டு ஆய்வுகள் எழுதும்போது ரத்தசோகைக்காரர்களை முதலிலேயே கழித்துவிடுகின்றன. அதே சல்லடையில் நம் மாநிலத்தைச் சலித்தால் பெண்களில் பாதிக்கு மேல் வெளியே விழுந்துவிடுவார்கள். மிச்சம் உள்ளவர்களை வைத்து வகுத்த எல்லைக்கோடு யாருக்குப் பொருந்தும் என்பதை யோசிக்க வேண்டும். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வின் தரவைக் கொண்டு வி. மோகன் குழு 2010இலேயே, இந்தியர்களுக்கு 6.5ஐவிடத் தாழ்ந்த 6.1 என்ற கோடு நீரிழிவைக் கண்டறிய உகந்தது என்று காட்டியது. கோட்டைத் தாழ்த்தினால் தப்பிய நோயாளிகள் பிடிபடுவார்கள். இரும்பில்லாத ஆரோக்கியசாலிகளும் கூடவே பிடிபடுவார்கள். அதனால் கோடு எதுவானாலும் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே என் கட்சி.

உப்பளத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு முரணைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரும்புக்குறைக்கு மருந்தாக உப்பையே பயன்படுத்தும் மாநிலம் இது. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம், ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பைத் தயாரிக்கிறது. சத்துணவுக் கூடங்களுக்கு அது போகிறது, 2014இல் 'அம்மா உப்பு' என்ற பெயரில் கடைக்கும் வந்தது. ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு. இரும்பும் அயோடினும் ஒரே பொட்டலத்தில் சண்டை போடும்; அவற்றைப் பிரித்து வைக்க இரும்புத்துகளுக்கு மேலுறை போடும் நுட்பத்தை டொரோண்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்த்தவர்களில் ஒருவர் வெங்கடேஷ் மன்னார்; அவரே தமிழ்நாட்டு உப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. மரக்காணத்தில் உப்பு வாருகிறவரின் வீட்டு அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் இருப்பதோ பெரும்பாலும் பாத்தியிலிருந்து வந்த கல்லுப்பு.

சரி, அந்த 42 வயது அம்மாவிடம் வருவோம். 6.2 சதவீதம் என்பதைச் சராசரிச் சர்க்கரையாக மாற்றும் வாய்பாடு ஒன்று உண்டு: 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழிக்க வேண்டும். 131 வருகிறது. வெறும் வயிற்றில் 94 இருப்பவருக்குச் சராசரி 131 என்றால் இரண்டில் ஒன்று. சாப்பிட்டபின் சர்க்கரை எகிறுகிறது. அரிசிச்சோறு மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு அது நடக்கக்கூடியதே. அல்லது, 131 என்பது பழைய அணுக்கள் காட்டும் மாயம். எம்சிவி 66 என்பதைப் பார்த்தால் இரண்டாவது காரணத்துக்கு வலு அதிகம். இரும்புக்குறையில்தான் அணு இப்படிச் சுருங்கும், அல்லது தலசீமியா மரபில். ஆனால் ஊகத்தில் விடக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் விடை தெரிந்துவிடும். 140க்குக் கீழ் என்றால் சர்க்கரைப் பயம் இல்லை. 140க்கும் 199க்கும் நடுவில் என்றால் முன் நீரிழிவு உண்மை. 200ஐத் தொட்டால் நோய். விடை எதுவானாலும் இரும்பு கொடுக்க வேண்டும், உதிரப்போக்குக்குக் காரணம் தேட வேண்டும். ஹீமோகுளோபின் சீராகி மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியை மறுபடி பார்த்தால் அப்போது வரும் எண்ணை நம்பலாம். "சோத்தைக் குறை" என்ற அறிவுரை மட்டும் அவருக்குப் போனால், ஏற்கெனவே சத்துக் குறைந்த தட்டில் இன்னும் குறையும்.

ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டிவிட்டது என்பதாலேயே இரும்பு நிறைந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். சேமிப்பில் உள்ள இரும்பு, அதாவது ஃபெரிட்டின், முதலில் காலியாகும். ஹீமோகுளோபின் அதற்குப் பிறகுதான் விழும். இடைப்பட்ட அந்த மாதங்களிலேயே மூன்று மாதச் சர்க்கரை நகரத் தொடங்கலாம் என்று அமெரிக்கத் தரவு காட்டுகிறது. 5.8, 5.9 என்று வந்து தூக்கம் கெட்டவர்களில், மாதவிலக்கு நிற்காத பெண்கள் எத்தனை பேர் இந்த வகையோ!

டாக்டர் மூன்று மாதச் சர்க்கரைக்குச் சீட்டு எழுதும்போது, முழு ரத்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊதா மூடி போட்ட அதே குழாயில் எடுக்கும் அதே ரத்தம் இரண்டு சோதனைக்கும் போதும்; இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியதில்லை.